அப்பாவுக்குக் கேட்கிற மண்டபம்

தம்பியின் திருமண வரவேற்புக்கு மண்டபம் பார்க்கலாம் என்று பேச்சு எடுத்த அன்றே வீட்டில் ஆளுக்கொரு ஆசை வந்துவிட்டது. அம்மாவுக்கு மேடை பெரிதாக இருக்க வேண்டும். தம்பிக்கு, வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடி அலையக் கூடாது. அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குப் பெரிய ஜன்னல்களும் கொஞ்சம் மரங்களும். அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. "நீ பார்த்து முடிவு பண்ணும்மா, எனக்கு எதுவானாலும் சரி" என்று சொல்லிவிட்டார்.

அவர் கேட்காமல் விட்டது என்ன என்று எனக்குத் தெரியும். அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஓர் உறவினர் வீட்டு வரவேற்புக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு இரண்டு காதிலும் கருவி உண்டு. மூன்று மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பலர் வந்து குனிந்து பேசினார்கள். எல்லோரிடமும் சிரித்துத் தலையாட்டினார். திரும்பி வரும்போது காரில் இரண்டு கருவிகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாரும் அன்பாத்தான் பேசினாங்க. ஒரு வார்த்தை காதுல விழல. சிரிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

தம்பியின் வரவேற்புக்கு அப்பாவோடு படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் என்று ஒரு கூட்டமே வரப்போகிறது. அவர்களில் சிலரை அவர் இருபது வருடமாகப் பார்த்ததில்லை. இனி எப்போது பார்ப்பார் என்றும் சொல்ல முடியாது. அதனால் மண்டபக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: அப்பாவுக்குக் கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

முதலில் போனது படங்களில் பார்த்து எல்லோருக்கும் பிடித்துப்போன மண்டபம். பளிங்குத் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அண்ணாந்து பார்க்க வைக்கும் உயரம். மேலாளர் மேடைப் பக்கம் நின்றுகொண்டு விளக்கினார். நான் நடுவில் நின்றேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அடுத்த சொல்லின் மேல் வழிந்தது. ஒருமுறை கைதட்டிப் பார்த்தேன். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி அடங்க மூன்று விநாடிக்கு மேல் ஆனது. அப்பா பக்கத்தில்தான் நின்றார். "என்ன சொல்றார்?" என்று என்னிடம் கேட்டார். காலியான மண்டபம், பேசுகிறவர் ஒரே ஒருவர். அப்போதே இந்த நிலைமை.

அன்று இரவு ஒலியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். 1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் மாணவர்களுக்குப் புரியவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பை வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் கொடுத்தார்கள். அவர் ஊர் அடங்கிய பிறகு ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு, நிறுத்தி, சத்தம் காதுக்கு மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அடுக்கி அளந்தார். விடிவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். காலியான அந்த அறையில் ஒலி மறைய ஐந்தரை விநாடி ஆனது. ஒருவர் அடுத்தடுத்துப் பன்னிரண்டு, பதினைந்து அசைகளைப் பேசி முடிக்கும்வரை முதல் அசை காற்றில் உயிரோடு இருந்தது என்று பொருள்.

சேபின் கண்டுபிடித்த கணக்கு நம் வீட்டுக் கணக்குதான். அறையின் கன அளவை 0.16 ஆல் பெருக்கி, அந்த அறையில் ஒலியை உறிஞ்சக்கூடிய பரப்பால் வகுத்தால் சத்தம் அடங்கும் நேரம் கிடைக்கும். நாங்கள் பார்த்த மண்டபம் ஏறக்குறைய 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரம். 2,700 கன மீட்டர். பளிங்கும் கண்ணாடியும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். நாற்காலி, திரை, மேற்கூரை எல்லாவற்றையும் சேர்த்து 120 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 3.6 விநாடி வருகிறது. என் கைதட்டல் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். பேச்சு தெளிவாகக் கேட்க அது ஒரு விநாடியை ஒட்டி இருந்தால் நல்லது.

மனிதர்களும் ஒலியை உறிஞ்சுவார்கள். உடுத்திய துணியோடு ஒருவர் அரை சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுவார் என்று வைத்தால், 300 பேர் வந்ததும் 3.6 விநாடி 1.6 ஆகக் குறைந்துவிடுகிறது. அப்பாடா, கூட்டம் வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் வருகிற 300 பேரும் சும்மா இருக்க மாட்டார்கள், பேசுவார்கள். சுற்றிலும் சத்தம் கூடினால் நம்மை அறியாமலே நாம் குரலை உயர்த்துகிறோம். எத்தியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் இதைப் பதிவு செய்தார். ஒருவர் உயர்த்த, பக்கத்து மேசைக்காரர் இன்னும் உயர்த்த, அரை மணி நேரத்தில் மண்டபமே கத்திக்கொண்டிருக்கும். ஒலி சீக்கிரம் அடங்குகிற அறையில் இந்த ஏற்றம் மெதுவாக நடக்கும், எதிரொலிக்கிற அறையில் கட்டுக்கடங்காமல் போகும்.

காதுக் கருவியைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கருவி சத்தத்தைப் பெரிதாக்கித் தரும். ஆனால் நூறு குரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரலைப் பிரித்துத் தருவது அதற்கும் கடினம். பேசுகிறவர் ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும், பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறைவாக இருக்க வேண்டும், பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். அப்பா பாதிப் பேச்சை உதடுகளில் படிக்கிறார். நீலமும் ஊதாவுமாக விளக்கு சுழலும் மண்டபத்தில் அந்தப் பாதியும் போய்விடும்.

அதற்குப் பிறகு நாங்கள் மண்டபம் பார்த்த விதமே மாறிவிட்டது. காலியான மண்டபத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒரு தடவை பகலில் போய் அளவெடுப்போம். பிடித்திருந்தால், அங்கே வேறொரு நிகழ்ச்சி நடக்கும் மாலையில், அந்த வீட்டாரிடம் மேலாளர் மூலமாக அனுமதி கேட்டு, ஓரமாகக் கால்மணி நேரம் நின்று பார்ப்போம். கேட்ட வீட்டாரில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அந்தக் கால்மணி நேரத்தில் தெரிந்தது எந்தப் படத்திலும் இல்லை. யார் எங்கே முட்டிக்கொள்கிறார்கள், குழந்தைகள் எங்கே ஓடுகிறார்கள், வயதானவர்கள் எந்த மூலைக்கு ஒதுங்குகிறார்கள், கழிப்பறைக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எல்லாம் தானாகத் தெரியும்.

ஒரு மண்டபத்தில் மேடையின் இரண்டு பக்கமும் ஆள் உயர ஒலிபெருக்கிகள். கைப்பேசியில் சத்தத்தை அளந்தேன். அது துல்லியமான அளவு இல்லை என்றாலும் முன்வரிசையில் 100 டெசிபலைத் தொட்டது. வேலையிடங்களுக்கு அமெரிக்கத் தொழில்நலப் பரிந்துரை ஒன்று உண்டு. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிடம். முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தவர்கள் பெரும்பாலும் தாத்தா பாட்டிகள். மரியாதைக்காக முன்னால் உட்கார வைத்து அவர்கள் காதைப் புண்ணாக்குகிறோமே என்று மனசு கஷ்டப்பட்டது. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்றால், இரண்டு பெரிய பெட்டிகளை முழுக்கத் திருகுவதைவிட, சுவரோரம் எட்டுப் பத்துச் சின்னப் பெட்டிகளைக் குறைந்த சத்தத்தில் வைத்தால் போதும். அப்படி வைக்க முடியுமா என்று கேட்டேன். "எங்க செட்டிங் இதுதான்" என்றார்கள். அந்த மண்டபத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இடத்தின் அளவு பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். "600 பேர் தாராளமா உட்காரலாம்" என்பார்கள். எப்படி உட்கார்ந்தால் என்று கேட்க வேண்டும். வரிசையாக நாற்காலி போட்டால் ஒருவருக்கு 0.65 சதுர மீட்டர் போதும். ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேர் என்றால், நாற்காலியைப் பின்னால் தள்ளி எழவும் இடையில் ஆள் நடக்கவும் சேர்த்து ஒருவருக்கு 1.3 சதுர மீட்டர் வேண்டும். மேடையும் நடைபாதையும் போக 400 சதுர மீட்டர் மிஞ்சுகிற மண்டபத்தில் வரிசை நாற்காலி என்றால் 600 பேர், மேசை என்றால் 300 பேர். இரண்டும் ஒரே மண்டபம். நாங்கள் அழைத்தது 300 பேரை. எங்களுக்கு மேசைகள்தான் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வரிசையில் உட்கார்ந்தால் முன்னாலிருப்பவரின் முதுகுதான் தெரியும். எதிரெதிரே உட்கார்ந்தால்தான் அப்பாவுக்கு முகங்கள் தெரியும்.

அப்புறம், மேடைக்கு ஏறும் வரிசை. மண்டபம் பார்க்கும்போது இதை யாரும் நினைப்பதில்லை. 300 பேர் மூன்று மூன்று பேராக வந்து மணமக்களை வாழ்த்தினால் 100 முறை. ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்றால்கூட நூறு நிமிடம். வரிசைகளைப் பற்றி 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும். இருபது குடும்பம் நின்றால் கடைசிக் குடும்பத்துக்கு இருபது நிமிடம். அந்த அறுபது பேர் இருவர் இருவராக நின்றாலும் வரிசை 15 மீட்டருக்குக் குறையாது. அந்த 15 மீட்டர் எங்கே போகும்? ஒரு மண்டபத்தில் அது நேராக நுழைவாசல்வரை போய், உள்ளே வருகிறவர்களை மறித்துக்கொண்டு நின்றது. இன்னொன்றில் மேசைகளின் நடுவே பாம்பு மாதிரி வளைந்து போனது. உட்கார்ந்து பேச நினைத்தவர்களின் தலைக்கு மேலே முழு மாலையும் ஒரு கூட்டம் நின்றது. மேடைக்கு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வழி இருந்து, பக்கச் சுவரோரம் வரிசைக்கு இடமும் இருந்தால் பாதித் தொல்லை போய்விடும்.

பெண் வீட்டுப் பாட்டி சக்கர நாற்காலியில் வருவார். பேத்தியை மேடையிலேயே பார்த்து ஆசீர்வாதம் பண்ண வேண்டும் என்பது அவர் ஆசை. "சாய்தளம் இருக்குங்க" என்று பல இடங்களில் சொன்னார்கள். நேரில் போனால், படிக்கட்டின் மேல் சாய்த்து வைத்த ஒரு பலகை. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். மேடை 60 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் ஏழு மீட்டருக்கு மேல் நீள வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் நான்கு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பாட்டிக்கு அது பிடிக்காது. "என்னைச் சாமான் மாதிரித் தூக்காதீங்க" என்று முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார். கழிப்பறைக் கதவையும் அளந்தேன். 80 சென்டிமீட்டருக்குக் குறைவான கதவில் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழையாது.

எனக்கு ரொம்பவும் பிடித்த ஒரு மண்டபத்தைக் கதவுகளுக்காகவே விட்டேன். ஒலி நன்றாக இருந்தது, ஜன்னல்கள் பெரிது, வெளியே மரங்கள். தம்பிக்கும் அந்தப் பெண்ணுக்கும் முகமே மலர்ந்துவிட்டது. பின்பக்கக் கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது, அதன் முன்னால் உபரி நாற்காலிகள் அடுக்கியிருந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. 1942இல் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். முன்வாசலில் இருந்தது சுழல்கதவு. கூட்டம் முண்டியடித்ததும் அது சிக்கி நின்றுவிட்டது. மற்ற கதவுகளில் சில பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை. 2023 செப்டம்பர் 26 இரவு ஈராக்கின் கராகோஷில், ஒரு திருமண மண்டபத்தில், கொண்டாட்டத்துக்காகக் கொளுத்திய வாணப்பொறி மேற்கூரை அலங்காரத்தில் பற்றியது. எளிதில் எரியும் பலகைகளால் ஆன கட்டடம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலத்தான் நல்ல மண்டபம் என்று பார்த்துப் பார்த்து எடுத்திருப்பார்கள். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டாம்க்கா, வேற பாப்போம்" என்றான். அதன்பிறகு ஒவ்வொரு மண்டபத்திலும் எல்லாக் கதவுகளையும் நானே தள்ளித் திறந்து பார்த்தேன். வெளிப்பக்கமாகத் திறக்கிறதா, வெளியே போனால் திறந்த வெளியா அல்லது முட்டுச் சந்தா என்று நடந்து பார்த்தேன்.

குளிரூட்டியும் ஒலிக் கணக்கில் சேரும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 300 பேர் என்றால் 30 கிலோவாட். ஒரு டன் குளிரூட்டி அகற்றுவது 3.5 கிலோவாட். ஆட்களுக்கு மட்டுமே எட்டு டன்னுக்கு மேல் வேண்டும். விளக்கு, சமையலறை, வெயில் எல்லாம் தனி. திறன் குறைந்த இயந்திரங்களை முழு வேகத்தில் ஓடவிடும்போது அவை இரைகிற இரைச்சல் இருக்கிறதே, அது நேராகக் காதுக் கருவிக்குள்தான் போகும். ஜெனரேட்டரை ஓடவிட்டும் ஒருமுறை கேட்டோம்.

இதற்கிடையில் ஒரு மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டோம். பேசும்போது மண்டபம் முழுக்க உங்களுக்குத்தான் என்றார்கள். ஒப்பந்தத்தை வாசித்தால் அப்படி ஒரு வரி இல்லை. துருவிக் கேட்டதும், நடுவில் ஒரு மடக்குத் தடுப்பு உண்டு, அந்தப் பக்கம் அதே மாலையில் வேறொரு குடும்பத்துக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். மெல்லிய பலகைத் தடுப்பு. அவர்கள் பாட்டும் நம் பாட்டும் ஒன்றோடொன்று மோதும். அம்மாவுக்கு அன்று கண் கலங்கிவிட்டது. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, பத்திரிகை அடிக்க வேண்டும், இந்தப் பெண் கதவு, காது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறாளே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எனக்கும் இரவில் தூக்கம் வரவில்லை. ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அலங்காரம் கட்டுவதும் பிரிப்பதும் அந்த நேரத்துக்குள் அடங்குமா, ரத்தானால் முன்பணம் என்ன ஆகும், வாய்ப்பேச்சில் சொன்ன ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்கிறதா. இருந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

ஒன்பதாவதாகப் பார்த்த மண்டபம் முதல் பார்வையில் யாருக்கும் பிடிக்கவில்லை. மேற்கூரை தாழ்வு, மேடை சிறியது, சுவர் நிறமும் மங்கல். ஆனால் உள்ளே நுழைந்ததும் எங்கள் காலடிச் சத்தம் அடங்கியே இருந்தது. தரையில் தடித்த கம்பளம், ஒரு பக்கம் முழுக்கக் கனமான துணித்திரை, கூரையில் துளையிட்ட பலகைகள். கைதட்டினேன், தட்டியதோடு நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு சின்ன அறை. பெரிய மண்டபத்தோடு அகலமான ஒரு வாசலால் இணைந்திருந்தது, அங்கிருந்தே மேடையும் தெரிந்தது. அதன் ஜன்னல்களுக்கு வெளியே மூன்று மரங்கள். கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறந்தன. மேடை முப்பது சென்டிமீட்டர்தான் என்பதால் பாட்டிக்கு நாலு மீட்டருக்குள் சாய்தளம் போட்டுவிடலாம். அம்மாவிடம் மேடை சிறியதாக இருப்பதைப் பற்றிக் கேட்டேன். "என் பிள்ளை ரெண்டு பேரும் நிக்க இடம் இருக்குல்ல, போதும்" என்றார்.

அடுத்த வாரம் அங்கே வேறொரு வரவேற்பு நடந்த மாலையில் அனுமதி கேட்டுப் போனோம். இந்த முறை அப்பாவையும் கூட்டிப்போனேன். மண்டபம் நிரம்பியிருந்தது. பக்கத்து அறையில், சுவருக்கு முதுகு காட்டியிருந்த ஒரு நாற்காலியில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு வாசலருகே நின்றுகொண்டேன். பெரிய மண்டபத்திலிருந்து பாட்டு வந்தது, ஆனால் தூரத்திலிருந்து வந்தது. ஜன்னல் வெளிச்சம் எதிர் நாற்காலியில் விழுந்தது. அந்த நாற்காலியில் அப்பா வயதுள்ள ஒருவர் வந்து உட்கார்ந்தார். சாதாரணக் குரலில், "நீங்க மாப்பிள்ளை வீடுங்களா?" என்று கேட்டார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காதருகே கையைக் குவிக்கவும் இல்லை. "இல்லைங்க, நாங்க அடுத்து வர்றவங்க. பையனுக்கு மண்டபம் பார்க்க வந்தோம்" என்றார். அவர் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல, இருவரும் எந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்கள் என்பது வரைக்கும் போனது. கால்மணி நேரம் முடிந்து, நான் போய்த் தோளைத் தொட்டபோது, "இரும்மா, பேசிட்டிருக்கோம்ல" என்றார்.

நான் மேலாளரைத் தேடிப் போனேன்.